வாப்பாவின் சல்லி டின்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஹாஜியார் ஒருவர் மவுத்தானார். பெயர் வேண்டாம். நாணயம் சேர்ப்பதில் எனக்கு அவர்தான் உஸ்தாத். ஒவ்வொரு நாணயத்தையும் சின்ன உறையில் போட்டு, எந்த ஊர், யாரிடம், என்ன விலை என்று பச்சை மையால் எழுதி வைப்பார். ஜனாஸா முடிந்து மூன்றாவது கிழமை பழைய இரும்புக் கடைக்காரர் எனக்குக் கோல் எடுத்தார். "சேர், ஒரு வாளி சல்லி வந்திருக்கு. வந்து பார்க்கிறீங்களா?"

பெயின்ற் வாளி. மேலே எங்கட சதுர ஐந்து சதங்கள், அதுக்குக் கீழே 1944ஆம் வருடத்துப் பூ விளிம்புப் பத்துச் சதங்கள், இன்னும் கீழே ஒல்லாந்தர் கம்பனி முத்திரை போட்ட செப்புக்காசுகள். எல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கிடந்தன. உறைகள் எங்கே என்று கேட்டேன். "பேப்பரெல்லாம் வீட்டிலேயே எரிச்சிட்டாங்க சேர்."

பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் யாருக்கும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்து என் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். நானும் அதே நிலைதான்.

எனக்கு இந்தப் பைத்தியம் வாப்பாவின் லக்ஸ்பிறே டின்னில் இருந்து வந்தது. வாப்பாவுக்குச் சந்தையில் சின்னக் கடை. செல்லாத காசு வந்தால் ஆளைத் திருப்பி அனுப்பமாட்டார், வாங்கி டின்னுக்குள் போடுவார். தரம் 5 படிக்கும்போது அந்த டின்னை எனக்குத் தந்தார். நான் முதல் செய்த வேலை, எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியது! விக்டோரியா ராணியின் கால் சதம் ஒன்றில் 1870 என்ற வருடமே அழியப் பார்த்தது. பழைய காசைக் கழுவக் கூடாது என்று ஹாஜியார் சொல்லித் தந்தது பத்து வருடம் கழித்து.

இன்று 4,300க்கு மேல் இருக்கிறது. ரூபாயை நூறு சதமாகப் பிரித்த காலத்தில் இருந்து இன்று வரை இலங்கையில் ஓடியதில் பெரும் பகுதி. அதற்கு முந்தியதும் உண்டு. லீலாவதி ராணியின் பெயர் பொறித்த செப்புக்காசு, நந்தியும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் உள்ள யாழ்ப்பாண அரசர் காசு, வளைத்த வெள்ளிக் கம்பியாக ஒரு லாரின். லாரின் பாரசீகத்து லார் நகரத்தின் பெயரால் வந்தது. அறபு, பாரசீக வியாபாரிகளோடு இந்தக் கரைக்கு வந்த பணம். தரம் 8இல் அதைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் தூண்டில் என்பார்கள். அதுக்குப் பிறகு அன்றைய பாடம் தானாக ஓடும்.

2022இல் காஸ் வரிசையில் நின்ற காலத்தில் 1957 புத்த ஜயந்தி வெள்ளி ஐந்து ரூபாய் மூன்றை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனேன். உருக்கும் விலைதான் சொன்னார்கள். இரண்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "இந்தச் சாமான் என்னத்துக்கு" என்று வருடக்கணக்காகக் கேட்டவவும் அவதான்.

வாளி வந்த கிழமை மவ்லவி ஒருவரிடம் போனேன். எனக்கு இரண்டு மகன், ஒரு மகள். மூத்தவர் கத்தாரில், இளையவருக்கு இதில் விருப்பம் இல்லை. மகளுக்கு மட்டும்தான் காசைத் திருப்பிப் பார்க்கும் கண் இருக்கிறது. அவளுக்கே எழுதி வைக்கலாமா என்றேன். வாரிசுக்கு வசிய்யத் இல்லை, மற்ற வாரிசுகள் சம்மதித்தால் ஒழிய. வெளியாருக்கோ பாடசாலைக்கோ என்றால் சொத்தில் மூன்றில் ஒன்று வரைக்கும்தான். மிச்சம் பராயிழ்படி பிரியும். ஆண் பிள்ளைக்கு இரண்டு, பெண் பிள்ளைக்கு ஒன்று என்று ஜோர்ஜ் மன்னனின் சதங்களைப் பிரித்தால் அது பிறகு சேகரிப்பா, சில்லறையா? ஹயாத்தோடு ஹிபாவாகக் கொடுக்கலாம், ஆனால் பெறுமதி பார்த்து மற்ற இருவருக்கும் ஈடு கொடுங்கள் என்றார்.

எழும்பும்போது இன்னொன்று கேட்டார். "வெள்ளிக்கு ஸகாத் கொடுக்கிறீங்களா சேர்?"

வாயடைத்துப் போனேன். வீட்டுக்கு வந்து நிறுத்தேன். பிரித்தானிய இந்திய ரூபாய் ஒன்றே 11.66 கிராம். அது என்னிடம் நாற்பதுக்கு மேல். கலப்பைக் கழித்துப் பார்த்தும் 595 கிராம் நிஸாபைத் தாண்டியது. எத்தனை வருடம் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பாடசாலைக்குக் கொடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு தடவை கொடுத்தேன். கண்ணாடி அலுமாரியோடு 120 நாணயம். இடமாற்றம் வந்து மூன்று வருடம் கழித்துப் போனேன், அலுமாரியில் கிண்ணங்கள் இருந்தன. சாவி யாரிடம் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் இப்போது பதிவேடு இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது. கத்தார் மகன் "நான் கொண்டுபோறன்" என்றாலும், தொல்பொருள் அனுமதி இல்லாமல் பழையது ஒன்றும் நாட்டை விட்டுப் போகக் கூடாது.

இஷாவுக்குப் பிறகு மகள் கொப்பியோடு வந்து உட்காருவாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். இலக்கம், நிறை, எங்கே வாங்கியது. எனக்கு ஞாபகம் இல்லாததுக்கு 'தெரியாது' என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று 1,140 வரை வந்தோம். ஹாஜியாரின் வாளிக் காசு முழுக்க 'தெரியாது'தான்.

ஒரு விடயம். சதுர ஐந்து சதம், பூ விளிம்புப் பத்துச் சதம், இரண்டு சதம் எல்லாம் என்னிடம் இரட்டிப்பாக நிறைய இருக்கிறது. வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்கள் உள்பெட்டியில் பாடசாலைப் பெயரோடு எழுதுங்கள், பத்துப் பத்தாக அனுப்பி வைக்கிறேன். சப்பாத்துப் பெட்டியில் வரும் அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வீசாமல் எனக்கு எடுத்து வையுங்கள், கடற்காற்று ஒன்றையும் விடுவதில்லை.

வாப்பாவின் டின்னை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அது மகளின் மேசைக்குப் போய்விட்டது.