பிழைப்புக்கு அப்பால் ஒரு பணி

ஊதியத்துக்காகச் செய்யும் வேலை ஒருபுறமிருக்க, யாரும் கேட்காத, யாரும் எதிர்பார்த்துக் காத்திராத ஒரு படைப்பைத் தம் விருப்பத்தின் பேரில் எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நடத்திச் செல்பவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் இத்தகைய பணிகளில் நெடுந்தூரம் சென்றவர்களின் வாழ்க்கையை நோக்கினால், அவர்களுக்கு ஏனையோரைவிடக் கூடுதலான நேரம் வாய்த்ததாகத் தெரியவில்லை. பணியை அவர்கள் வகுத்துக்கொண்ட விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரே அமர்வில் செய்து முடிக்கக்கூடிய, முடித்தபின் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகக்கூடிய சிறு பகுதியை அலகு என்று கொண்டால், தம் களைப்புக்கும் கிடைக்கும் வேளைக்கும் ஏற்ற அலகைக் கண்டுகொண்டவர்களே இடையறாது முன்னேறியிருக்கிறார்கள்.

அதைக் கண்கூடாகக் காட்டும் கட்டடம் ஒன்று பிரான்சின் தென்கிழக்கே ஓத்ரீவ் என்னும் சிற்றூரில் நிற்கிறது. அதைக் கட்டிய பெர்டினாண்ட் ஷெவால் கட்டடக் கலை பயின்றவரும் அல்லர், கொத்தனாரும் அல்லர். நாள்தோறும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுத்துவந்த கிராமத் தபால்காரர். 1879இல், தம் 43ஆம் வயதில், வழியில் காலை இடறிய விசித்திர வடிவக் கல்லொன்று கருத்தைக் கவர, மறுநாள் அதே இடத்தில் அதனினும் அழகிய கற்களைக் கண்டவர், பல ஆண்டுகளாக மனத்துக்குள் எழுப்பிவந்த மாளிகையை மண்ணிலும் எழுப்பிவிடலாம் என்று துணிந்தார். கற்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதில் வேலை தொடங்கியது. பைகள் கிழிந்துகொண்டே வந்ததால் கூடைக்கும், கூடை போதாமற்போனதால் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிக்கும் அவர் மாறினார். தபால் நேரத்தில் கற்களைப் பாதையோரத்தில் சிறு குவியல்களாகச் சேர்த்து வைத்துவிட்டு, மாலையில் வண்டியுடன் திரும்பி வந்து ஏற்றிச் சென்று, இரவில் விளக்கு வெளிச்சத்தில் சுண்ணாம்பும் சிமெண்டும் குழைத்து அவற்றைப் பொருத்துவது அவருடைய வழக்கமாயிற்று.

இங்கே கவனிக்கத்தக்கது, பணி மூன்றாகப் பிரிந்து மூன்று வேளைகளில் அமர்ந்துகொண்ட விதமே. கல்லைத் தேர்வதற்குக் கண் போதும். அது நடையோடு நடையாக நிகழ்ந்துவிடும். கல்லைச் சுமப்பதற்கு உடல் போதும், சோர்ந்த மனத்துக்கு அதில் வேலை இல்லை. பொருத்துவதற்குத்தான் கற்பனை வேண்டும். அந்த வேளை வரும்போது தேவையான கற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். மேசைமுன் அமர்ந்த பிறகே எதை எழுதுவது என்று யோசிக்கத் தொடங்குபவரின் மாலைப்பொழுது, கல்லே இல்லாமல் சுண்ணாம்பு குழைத்த கொத்தனாரின் பொழுதாகக் கழிந்துவிடுகிறது. ஷெவாலின் உத்தியோகம் அவருடைய கலைக்குத் தடையாக இருந்தது என்பதும் பாதி உண்மையே. தனிமையில் நடந்த நடை அவருக்குக் கனவு காண இடம் கொடுத்தது. அவர் கையில் புழங்கிய படத் தபாலட்டைகளும் படப் பத்திரிகைகளும் அவர் ஒருபோதும் காணாத நாடுகளைக் காட்டின. மாளிகையின் மேற்கு முகப்பில் ஓர் இந்துக் கோயிலும் ஒரு மசூதியும் சுவிட்சர்லாந்து நாட்டு வீடொன்றும் அருகருகே இடம்பெற்றிருப்பது அப்படித்தான்.

33 ஆண்டுகள், 10,000 நாள்கள், 93,000 மணி நேரம் என்று அவர் சுவரிலேயே கணக்கைப் பொறித்துவைத்தார். நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வரும் இந்தக் கணக்கில், 1896 வரை தபால் பையும் தோளில் இருந்ததை நினைத்தால், கட்டியவரின் பெருமிதமும் சற்றுக் கலந்திருக்கிறது என்றே எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் அந்த எண்களில் ஒன்று நம்பத்தக்கதாகவும் ஆறுதலளிப்பதாகவும் இருக்கிறது. 33 ஆண்டுகளில் 12,000 நாள்களுக்கு மேல் உண்டு. அவர் உழைத்ததாகச் சொல்வதோ 10,000 நாள்கள்தான். ஏறத்தாழ 2,000 நாள்கள் கல் அசையவில்லை, மாளிகையும் கெட்டுப்போகவில்லை. பித்தன் என்று ஊரார் எண்ணிய அந்த மனிதர் 1912இல் எழுப்பி முடித்த 26 மீட்டர் நீளக் கட்டடத்தை, 1969இல் பிரெஞ்சு அரசு பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

தபால் துறை உலகுக்குத் தந்த இன்னொரு விடாமுயற்சிக்காரர் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப். 1834 முதல் 1867 வரை அத்துறையில் பணியாற்றிய அவர், விடியற்காலை 5.30 மணிக்கு மேசைமுன் அமர்ந்து, காலை உணவுக்குமுன் 3 மணி நேரம் எழுதினார். கைக்கடிகாரம் புழக்கத்துக்கு வராத அக்காலத்தில் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்து எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று தம்மையே விரட்டினார். வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று பதிவேடு ஒன்றும் வைத்திருந்தார். அலுவல் நிமித்தம் ஓயாது ரயிலேற வேண்டியிருந்தபோது, மடிமேல் வைத்து எழுதும் பலகை ஒன்றைச் செய்துகொண்டு பென்சிலால் எழுதினார். அந்தக் கையெழுத்தை மனைவி படியெடுத்துக் கொடுத்தார். இவ்வாறு 47 நாவல்கள் பிறந்தன. அவர் மறைவுக்குப்பின் 1883இல் வெளியான தன்வரலாற்றில் இந்த ரகசியங்களைப் படித்தவர்களில் பலர், கடிகாரம் பார்த்து எழுதப்பட்டது இலக்கியமாகுமா என்று முகம் சுளித்தனர். கடிகாரத்தையே பார்த்தவர்கள் அந்த 3 மணி நேரத்தின் முதல் அரை மணியைக் கவனிக்கத் தவறினார்கள். முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படிப்பதற்காகவே அவர் அதை ஒதுக்கியிருந்தார்; எழுத்தின் ஓசையும் கதைமாந்தரின் மனநிலையும் மீண்டும் பிடிபட்ட பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கியது. விட்ட இடத்துக்குத் திரும்பிச் செல்லும் வழியைச் செப்பனிட்டு வைத்திருந்ததே அவருடைய உண்மையான திறமை.

இந்தப் பழக்கத்துக்கு வீட்டிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. அவருடைய தாயார் பிரான்சிஸ் டிரோலப் தம் முதல் நூலை 1832இல், 50 வயதைக் கடந்தபின், வெளியிட்டவர். கடனில் மூழ்கிய குடும்பத்தைத் தம் எழுத்தாலேயே தாங்கியவர். நோயுற்றுக் கிடந்த கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பணிவிடை செய்துகொண்டே, மருந்துக் குப்பிகளுக்கு நடுவே மைக்கூட்டை வைத்து நாவல் எழுதிய அந்த அம்மையாருக்கு ரயில்வண்டியின் ஓய்வும் கிடைக்கவில்லை, எழுதியதைப் படியெடுத்துத் தர ஒரு மனைவியும் வாய்க்கவில்லை. மகனையோ விடியலில் காப்பியுடன் எழுப்புவதற்கென்றே ஒரு பணியாள் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. ஓய்வு நேரம் என்று சொல்லப்படுவது பல வீடுகளில் இன்னொருவரின் உழைப்பால் உண்டாக்கப்படுவது என்பதைத் தனிமுயற்சிகளைப் போற்றும் நூல்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. சமையலும் துவையலும் யார் தலையில் விழுகின்றன என்று கேளாமல் ஒருவருடைய விடாமுயற்சியை அளப்பது நேர்மையாகாது.

எல்லாப் படைப்பும் அலகுகளாகப் பிரிய இசைவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிராக் நகரின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிந்த எழுத்தாளர் காஃப்காவுக்குப் பிற்பகல் 2 மணிக்கே அலுவலகம் முடிந்துவிட்டது. பலரும் பொறாமைப்படத்தக்க வேலை அது. ஆயினும் ஒரே மூச்சில் எழுதுவதுதான் எழுத்து என்று அவர் கருதினார். 1912 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை எழுந்திராமல் அவர் எழுதி முடித்த சிறுகதை அவருக்கே முழு நிறைவைத் தந்தது. ஒரே இரவில் அடங்காத அவருடைய மூன்று நாவல்களும் முடிவுறாமலே நின்றுபோயின. முடிவுறாத அந்த நாவல்களே டிரோலப் முடித்த பலவற்றைவிட இன்று உலகை ஆள்கின்றன என்பதால், நாள்தோறும் இத்தனை பக்கம் என்னும் ஒழுங்கு தரத்துக்குப் பொறுப்பேற்காது என்பது தெளிவாகிறது. முடிப்பதற்குத்தான் அது உதவும்.

நீண்ட இடைவெளி விழுந்துவிட்டால் பணி செத்துவிட்டது என்று கருதும் மனப்போக்கு இன்னும் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தப்பட வேண்டியது. இந்திய ஆட்சிப் பணியில் இருந்த ஐராவதம் மகாதேவன் 1960களின் தொடக்கத்தில், அலுவல் போக எஞ்சிய நேரத்தில், தமிழ்நாட்டுக் குகைகளில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளை ஒட்டிப் பொறிக்கப்பட்டிருக்கும் தமிழ்ப் பிராமி எழுத்துகளை, அதாவது தமிழை எழுதுவதற்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய வரிவடிவத்தை, ஆராயத் தொடங்கினார். கரூரை அடுத்த புகளூரில் சேர மன்னர் மூன்று தலைமுறையினரைக் குறிக்கும் கல்வெட்டுகளை அவர் படித்தறிந்தது அந்த ஆண்டுகளில்தான். கல்வெட்டில் ஓர் எழுத்தின் வளைவு ஐயத்துக்கிடமானால் அந்த ஓர் எழுத்தே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதுமான அலகாகிவிடும். ஐயம் தீராவிட்டால் குறித்து வைத்துவிட்டு நகரலாம். 1966இல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை வெளியிட்டபின் அவர் சிந்துவெளி எழுத்துகளின் பக்கம் திரும்பினார். அவ்வெழுத்துகள் எங்கெங்கே வருகின்றன என்று காட்ட அவர் கணினியின் துணையோடு உருவாக்கிய தொடரடைவு 1977இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. பிறகு நாளிதழ் ஆசிரியர் பொறுப்பும் வந்து போயிற்று. 1990களில்தான் அவர் மீண்டும் குகைகளுக்குப் போய், பழைய வாசிப்புகளைக் கல்லோடு ஒப்பிட்டுத் திருத்தினார். விரிவாக்கப்பட்ட முழு நூலைச் சென்னையின் க்ரியா பதிப்பகமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் இணைந்து 2003இல் வெளியிட்டன. தமிழ்ப் பிராமி ஆய்வு இன்று அந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் தொகுப்புக்கும் அதற்கும் இடைப்பட்ட 37 ஆண்டுகளைத் தாமதம் என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது.