வாளியில் வராத கடல்

பவளத் தொட்டி வைக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "அண்ணே, எந்த உப்பு வாங்கலாம்?" என்பதுதான். இங்கே சிங்கப்பூர்க் கடைகளில் இன்ஸ்டன்ட் ஓஷன், ரெட் சீ, டிராபிக் மரின் என்று வாளி வாளியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையைப் பார்த்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் ஆகாதா?"

ஆகாது. காரணத்தை உப்பளத்தில் பார்க்கலாம். பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்தும், பிறகு ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகே உப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் எஞ்சிய கசப்பு நீரோடு போய்விடும். பவளம் எதைக் கொண்டு தன் எலும்பைக் கட்டுகிறதோ அதைக் கழித்த பிறகு கிடைப்பதுதான் நம் சமையல் உப்பு. கழிந்ததையெல்லாம் மறுபடி கூட்டி வாளியில் அடைப்பதுதான் தொட்டி உப்புக் கம்பெனிகளின் வேலை.

அந்தக் கூட்டலுக்கு அளவுகோல் கடலேதான். 'சேலஞ்சர்' ஆய்வுக் கப்பல் பல கடல்களிலிருந்து கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் சோதித்து 1884இல் முடிவுகளை வெளியிட்டார். உப்பு கூடினாலும் குறைந்தாலும், அதிலுள்ள முக்கியப் பொருள்களின் விகிதம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராமை ஒட்டியும், மக்னீசியம் 1,300ஐ ஒட்டியும் இருக்கும். காரத்தன்மை, அதாவது பவளம் கால்சியத்தோடு சேர்த்து எலும்பு கட்டும் கார்பனேட் சத்தின் அளவு, 7 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) அளவில் நிற்கும்.

கடலில் இந்த விகிதம் நிலைப்பதற்கு அதன் விரிவு ஒரு முக்கியக் காரணம். இருநூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்கு அந்த விரிவு இல்லை. கல் பவளங்கள் நான்கு வளர ஆரம்பித்தால் காரத்தன்மை நாளுக்கு நாள் இறங்கும். 2.8 டிகேஎச் குறையும்போது கால்சியமும் 20 மில்லிகிராம் குறைந்திருக்கும். கால்சியத்தில் அது தெரியவே தெரியாது. காரத்தன்மையில் பளிச்சென்று தெரியும். அதனால்தான் பழகிய கைகள் முதலில் காரத்தன்மையைச் சோதிக்கின்றன.

உப்பைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. சில உப்புகள் 8 டிகேஎச்சில் கரையும், சில 12ஐத் தொடும். 8இல் இருக்கும் தொட்டியில் 12 டிகேஎச் நீரைப் பத்து சதவீதம் மாற்றினால் 0.4 ஏறும், பவளம் தாங்கிக்கொள்ளும். முப்பது சதவீதம் மாற்றினால் ஒரே வீச்சில் 1.2 ஏறும். அப்போது நுனிகள் வெளுக்க வாய்ப்புண்டு. உங்கள் தொட்டி நிற்கும் அளவுக்கு அருகில் கரைகிற உப்புதான் உங்களுக்கு நல்ல உப்பு. வேகமாக வளரும் கல் பவளங்கள் நிறைந்த தொட்டிக்கு உயர்ந்த அளவு உதவும். மென்பவளத் தொட்டிக்கு அது வீண்செலவு.

நுண்தனிமங்களில்தான் ஆசை அதிகம் கெடுக்கும். ஸ்ட்ரான்ஷியம் லிட்டருக்கு 8 மில்லிகிராம், அயோடின் வெறும் 0.06. இரும்பும் மாங்கனீசும் அதைவிட மிகக் குறைவு. இந்த அளவுகளில் ஒரு சொட்டு கூடினாலும் மருந்து நஞ்சாகலாம். தாமிரமோ இறாலுக்கும் நத்தைக்கும் நேரடி எமன். ஆய்வகத்துக்கு நீரை அனுப்பி, தனிமங்களை அளக்கும் ஐசிபி டெஸ்ட் பார்த்து, குறைவதை மட்டும் சேர்ப்பதே முறை. சோதிக்க முடியாததைச் சேர்க்காதீர்கள். அதற்குப் பதில் வாராவாரம் பத்து சதவீத நீரை மாற்றினாலே, பத்து வாரத்தில் பழைய நீரில் 35 சதவீதம்தான் மிஞ்சும். குறைந்தது கொஞ்சம் வரும், கூடியது கொஞ்சம் போகும்.

கரைக்கிற தண்ணீர் வேறு சமாசாரம். இங்கே குழாய் நீரில் குளோரமின் இருக்கிறது. கார்பன் வடிகட்டியும் ஆர்.ஓ. சவ்வும் அயனி நீக்கும் டி.ஐ. பிசினும் தாண்டிய நீர்தான் உதவும். உப்பைத் தண்ணீரில் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் கால்சியம் வெள்ளையாய்ப் படிந்து வீணாகும். நம் ஊர் ஈரக்காற்றில் மூடியைத் திறந்து வைத்தால் வாளியே கட்டியாகிவிடும்.

ஆகவே தம்பி, எந்த உப்பு என்று கேட்டால் நான் பிராண்டு சொல்வதில்லை. ஒன்றை எடுங்கள், எளிதில் மாற்றாதீர்கள், காரத்தன்மை எழுத ஒரு நோட்டு வையுங்கள். கடலின் சத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதன் விரிவு செய்துவந்த வேலையை நீங்கள்தான் வாராவாரம் செய்ய வேண்டும்.