சொந்தச் சொற்கள்

2018ஆம் ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டு உணவுமேசையில் சோற்றுத் தட்டுகளைவிடத் தாள்கட்டுகளே மிகுதியாக இடம்பிடித்திருந்தன. என் மகள் அப்போது தொடக்கக் கல்லூரியில் புகுமுக வகுப்பு இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தாள். கணிதத்திற்கும் வேதியியலுக்கும் அஞ்சாத அவள், முந்திய ஆண்டிறுதித் தேர்வில் பொதுத்தாளில் மட்டும் தோல்வியுற்றாள். அன்றிரவு வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை.

பொதுத்தாளைப் பற்றிச் சிங்கப்பூர்ப் பெற்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. எனினும் பிறர்க்காகச் சில சொற்கள் கூறுவேன். மேல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்தில் எழுதவேண்டிய பாடம் அது. கட்டுரை ஒரு தாள். கருத்தறிதல் மற்றொரு தாள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண். அவள் எழுதிய காலத்தில் கட்டுரைத் தாளில் 12 தலைப்புகள் இருந்தன, இப்போது எட்டு. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து 500 முதல் 800 சொற்களில் எழுதவேண்டும். கருத்தறிதல் தாளிலோ, படித்த பகுதியின் சாரத்தைச் சுமார் 120 சொற்களில் சுருக்கித் தரவேண்டும். அதுவும் சொந்தச் சொற்களில்! பகுதியில் உள்ள தொடரை அப்படியே எடுத்தெழுதினால் மதிப்பெண் கிட்டாது. இறுதி வினா, அப்பகுதியின் கருத்துகள் மாணவர் வாழும் சமூகத்திற்கு எந்த அளவு பொருந்தும் என்று கேட்கும்.

பிறர் செய்வதையே நாங்களும் செய்தோம். அவளைத் துணைப்பாட வகுப்பிற்கு அனுப்பினோம். ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம். கட்டணத்திற்காக அவ்வாண்டு ஊர்ப்பயணத்தைக் கைவிட்டோம். அங்கிருந்து அவள் கொண்டுவந்த தாள்கள்தாம் மேசையை நிறைத்தவை. அறிவியலுக்கு ஒரு கட்டு, ஊடகத்திற்கு ஒரு கட்டு, சுற்றுச்சூழலுக்கு ஒரு கட்டு. ஒவ்வொன்றிலும் முன்னுரைகள், எடுத்துக்காட்டுகள், முடிவுரைகள். நள்ளிரவிலும் அறைக்கதவின் வழியே அவள் மனப்பாடம் செய்யும் ஒலி கேட்கும். நான் உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழாசிரியன். உழைக்கும் பிள்ளையின் குரல் அது என்று மகிழ்ந்து உறங்கிப்போவேன்.

ஜூலையில் கல்லூரித் தேர்வுத் தாள் திரும்பி வந்தது. வேலை என்பது மனிதனுக்கு ஊதியத்தை மட்டுமா தருகிறது என்பதைப் பற்றிய பகுதி. இறுதி வினாவிற்கு அவள் எங்கோ உள்ள தொழில் நகரங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: “இதில் நீ எங்கே இருக்கிறாய்?”

“அப்பா, என் சமூகம் என்றால் நான் எதை எழுதுவது? எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே” என்றாள் மகள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

எனக்கும் உடனே விடை தோன்றவில்லை. ஆனால், விடை கூடத்தில் சாய்வுநாற்காலியில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தது. என் தந்தையார் செம்பவாங் கடற்படைத் தளத்துக் கிடங்கில் வேலை செய்தவர். பிரிட்டிஷ் படைகள் 1971ஆம் ஆண்டிற்குள் வெளியேறும் என்று 1968இல் அறிவித்தபோது, அத்தளத்தை நம்பி வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலைகுலைந்தன. வேலையிழந்தோருள் அவரும் ஒருவர். இதை நான் அறிவேன். என் மகள் அறியாள். நான் சொன்னதில்லை, அவளுக்குக் கேட்க நேரமிருந்ததில்லை.

“தாத்தாவிடம் போய்க் கேள்” என்றேன்.

அன்று மாலை முழுவதும் அவள் அவர் காலடியில் அமர்ந்திருந்தாள். உடன் வேலை செய்தோர் சிலர் கப்பலேறி ஊர் திரும்பியதைச் சொன்னார். தாம் தங்கிவிட்டதைச் சொன்னார். பிறகு சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “வேலை போன மறுநாளும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன் அம்மா. போவதற்குத்தான் இடமில்லை” என்றார்.

மகள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று இரவு நெடுநேரம் அடித்து அடித்து எழுதினாள். அந்த ஆண்டில் அவள் மனப்பாடம் செய்யாமல் எழுதிய முதல் பத்தி அதுதான்.

இத்துடன் முடிந்திருந்தால், துணைப்பாட வகுப்பைக் குறை கூறி நான் நிம்மதியடைந்திருப்பேன். மறுநாள் என் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்த அமர்ந்தேன். தலைப்பு, ‘என்னால் மறக்க முடியாத நாள்’. முப்பது ஏடுகளுள் இருபதுக்கு மேற்பட்டவற்றில் கதிரவன் தன் பொற்கரங்களை விரித்து எழுந்தான். பறவைகள் இன்னிசை பாடின. அந்த வாக்கியங்கள் யாருடையவை? என்னுடையவை. ஆண்டுதோறும் நான் படியெடுத்து வழங்கிய மாதிரிக் கட்டுரையிலிருந்து வந்தவை. ஓர் ஏட்டின் முன் என் கை நின்றுவிட்டது. அம்மாணவன் குடும்பத்துடன் கடற்கரைக்குச் சென்று மகிழ்ந்ததைப் பிழையின்றி எழுதியிருந்தான். முந்திய மாதந்தான் அவனை வளர்த்த பாட்டி இறந்துபோனார். ஒரு வாரம் பள்ளிக்கு வராதிருந்து, சிவந்த கண்களுடன் திரும்பியவன் அவன். மறக்க முடியாத நாளைக் கேட்டேன். அவனோ என் கடற்கரையைத் திருப்பித் தந்தான். நானும் முன்பெல்லாம் அதற்கு உயர்ந்த மதிப்பெண் அளித்தே வந்திருக்கிறேன்.

துணைப்பாட ஆசிரியரைப் பின்னர் ஒருமுறை சந்தித்தபோது இதைக் கூறினேன். வினாவில் ‘எந்த அளவு’ என்ற சொல்லைக் கவனிக்கவும், நேரத்தைப் பகுத்துக்கொள்ளவும், மறுப்பையும் எண்ணிப்பார்க்கவும் என் மகளுக்குக் கற்பித்தவர் அவரே, அந்நன்றியை மறக்கலாகாது. அவர் சிரித்துக்கொண்டே, “நான் கொடுப்பது சாரம்தான். வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிள்ளைகள் சாரத்திலேயே குடியேறிவிடுகிறார்கள். பெற்றோரும் அதையே கேட்கிறார்கள்” என்றார். அவர் கூறிய பெற்றோருள் நானும் ஒருவன். ஆசிரியனாக அதே குற்றத்தை இருமடங்கு செய்தவனும் நானே.

அவ்வாண்டு நவம்பரில் மகள் தேர்வு எழுதினாள். பொதுத்தாளில் ‘சி’ தரம் கிடைத்தது. அவள் விரும்பிய துறைக்கு அது போதுமானதாயிற்று. தாத்தாவின் கதை தேர்வில் பயன்பட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். “ஆனால், எழுத என்னிடம் ஏதோ இருக்கிறது என்ற எண்ணத்தோடு உட்கார்ந்தேன் அப்பா” என்றாள்.

நான் என் மாதிரிக் கட்டுரைகளை நிறுத்தினேன். அடுத்த தவணையில் வகுப்பின் மதிப்பெண் குறையவே செய்தது. பெற்றோர் இருவர் வந்து முறையிட்டனர். அவர்கள் அச்சம் எனக்குத் தெரிந்த அச்சமே. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆசிரிய நண்பர்களே, மாதிரி கூடாதென்று நான் கூறவரவில்லை. நடைபழகும் குழந்தைக்கு விரல் வேண்டும். ஆனால், விரலை எப்போது விடுவது என்பதை நாம் முன்கூட்டியே எண்ணி வைத்திருக்க வேண்டும்.

அந்த மாணவனை அழைத்து, மதிப்பெண் இல்லை, விருப்பமிருந்தால் மீண்டும் எழுது என்றேன். இரண்டு நாள் கழித்து அரைப்பக்கம் தந்தான். கதிரவன் எழவில்லை, பறவைகள் பாடவில்லை. பாட்டியின் மூக்குக்கண்ணாடி இன்னும் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் இருப்பதாகவும், அதை எடுத்துவைக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தான். ஒற்றுப்பிழைகள் ஏழு இருந்தன. சிவப்பு மைப் பேனாவை மூடிவைத்துவிட்டு, அதை இன்னொரு முறை படித்தேன்.