காளையின் வேகமும் களத்தின் தரையும்

ஒரு விளையாட்டைக் கடினமானது என்று சொல்வது பாராட்டா, குற்றச்சாட்டா? 2025 செப்டம்பர் 4 அன்று ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ வெளியான நாளிலிருந்து வீடியோ கேம் உலகில் நடந்த பெரிய வாக்குவாதம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இயங்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு செய்த கேம் அது. 2017-இல் வந்த ‘ஹாலோ நைட்’டின் தொடர்ச்சி. வெளியான நேரத்தில் ஸ்டீம் உள்ளிட்ட பெரிய இணையக் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறின. ஸ்டீமில் மட்டும் ஒரே சமயத்தில் 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள். ஒரு வாரம் முடிவதற்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. இவ்வளவு வதை எதற்கு என்றது ஒரு கட்சி. முடியாதவர்கள் விலகிக்கொள்ளட்டும் என்றது இன்னொன்று. இரு தரப்பும் ‘கடினம்’ என்ற ஒரே மூட்டைக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் கட்டிவைத்துக்கொண்டு பேசின என்பது என் எண்ணம். மூட்டையை அவிழ்த்தால் அந்த கேமின் மேன்மையும் குறையும் தனித்தனியாகத் தெரியும்.

மதுரை காளவாசலில் இருந்து எழுதுகிறவனுக்கு இதை விளக்க உதாரணம் தேடித் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக மூன்று ஜல்லிக்கட்டு வாடிவாசல்கள் திறக்கின்றன. காளையின் வேகத்தை யாரும் குறைக்கச் சொல்வதில்லை. குறைத்தால் பிடித்தவனுக்குப் பெருமை இல்லை. ஆனால் அது ஓடும் தரையில் தென்னை நார்க் கழிவைப் பரப்புகிறார்கள். திமிலைத்தான் பிடிக்கலாம், வாலையும் கொம்பையும் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. எத்தனை துள்ளலுக்குத் தொங்கினால் காளை பிடிபட்டதாகக் கணக்கு என்பதும் முன்பே அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீரர்கள் தொகுதி தொகுதியாகத்தான் இறங்குகிறார்கள். காளை கடுமையானது, களம் நியாயமானது. விழுந்தவன் எழுந்து அடுத்த காளைக்குத் தயாராக முடிகிறது. ‘சில்க்சாங்’கைப் பற்றி எழுதப்பட்ட பலவற்றில் காளைக்கு உரிய திட்டு களத்துக்கும், களத்துக்கு உரிய திட்டு காளைக்கும் போய்ச் சேர்ந்தது.

முதலில் விமர்சனங்கள் எந்தச் சூழலில் எழுதப்பட்டன என்று பார்க்க வேண்டும். முதல் கேமுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது, ஹார்னெட் என்ற பாத்திரத்தை வைத்து ஒரு கூடுதல் பகுதி தருவதாக டீம் செர்ரி வாக்குக் கொடுத்திருந்தது. அந்தப் பகுதி வளர்ந்து வளர்ந்து தனி கேமாகி, 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு ஆறரை ஆண்டு காத்திருப்பு. வெளியீட்டுத் தேதியைச் சொன்னது இரண்டே வாரத்துக்கு முன்னால். பணம் கொடுத்து ஆதரித்தவர்களுக்கு முன்பே விமர்சகர்களுக்குக் கொடுப்பது நியாயமாக இருக்காது என்று கருதி, விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி அனுப்பவில்லை. அந்த முடிவின் நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. சுற்றித் திரிந்து, வழி தவறி, வேறு பக்கம் போய் வலுவேற்றிக்கொண்டு திரும்புவதற்காகக் கட்டப்பட்ட ஒரு கேமை, பத்திரிகையாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு சில நாளில் முடிக்க வேண்டியதாயிற்று. பொறுமையை எதிர்பார்க்கும் படைப்புக்கு அவசரத்தில் தீர்ப்பு எழுதப்பட்டது. மதிப்பெண்கள் மிக உயர்வாகவே வந்தன. ஆனாலும் அவற்றுக்கு அடியில் இருந்த எரிச்சலில் ஒரு பங்கு அந்த ஓட்டத்தினுடையது.

இதைக் காட்ட ஓர் இடம் போதும். லாஸ்ட் ஜட்ஜ் என்ற காவல் எதிரி சிட்டாடல் என்ற புனித நகரின் வாயிலை மறித்து நிற்கிறது. அதனிடம் தோற்றால் நெடுந்தொலைவு திரும்பி ஓடிவர வேண்டும். இடையில் பறந்து துளைக்கும் பூச்சிகள் வேறு. ஒருவழியாகக் கொன்ற பிறகும் வெடித்துச் சிதறுகிறது, அசந்தால் நம்மையும் கொண்டுபோகிறது. இங்கே முட்டி மோதி அலுத்துப்போனவர்கள் ஏராளம். ஆனால் சிட்டாடலுக்குள் நுழைய அந்த வாயில் ஒன்றுதான் வழி என்பதில்லை. சதுப்பும் மூடுபனியும் கடந்து, வேறோர் எதிரியை வென்று நுழையும் இரண்டாவது வழி இருக்கிறது. அதுவும் எளிதானதல்ல, ஆனாலும் இருக்கிறது. இந்த இடத்தைத் திட்டும்போது, ‘ஒரே சுவரில் முட்டவைக்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டு நிற்காது. ‘தோற்றவனை ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தூரம் நடக்கவைப்பது ஏன்’ என்ற குற்றச்சாட்டு நிற்கும். முதலாவது காளையைப் பற்றியது, இரண்டாவது தரையைப் பற்றியது.

அடிக்கணக்குக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிக முக்கியமான சான்று, எண்களோடு பார்க்கலாம். ஹார்னெட் 5 முகமூடிகளோடு தொடங்குகிறாள். முகமூடி என்பதுதான் உயிரின் அளவு. பெரிய எதிரிகளின் அடிகளில் பெரும்பாலானவை இரண்டிரண்டாகப் பறிக்கின்றன. 5 மூன்றாகும், ஒன்றாகும், மூன்றாம் அடியில் சாவு. தேடி அலைந்து நான்கு முகமூடித் துண்டுகளைச் சேர்த்தால் ஆறாவது முகமூடி கிடைக்கிறது. இப்போது 6 நான்காகும், இரண்டாகும், மூன்றாம் அடியில் மறுபடியும் சாவு. அதாவது இரட்டை அடி தரும் எதிரிக்கு முன்னால் முதல் பரிசு எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. ஏழாவது கிடைத்தால்தான் சாவு நான்காம் அடிக்குத் தள்ளிப்போகும். ஆராய்ந்து தேடுவதே உயிராக உள்ள ஒரு கேமில், தேடலின் முதல் பெரிய பரிசு இப்படி வெறுங்கையாகத் தோன்றுவது வடிவமைப்பில் உள்ள குறை என்றே சொல்வேன். அடி கடுமையாக இருக்கட்டும். உழைத்துச் சேர்த்ததற்குப் பலன் தெரிய வேண்டாமா?

இதற்கு எதிர்வாதம் வலுவானது, மறைக்கக்கூடாது. முதல் கேமில் நாயகன் நின்ற இடத்தில் நின்று ஒரு முறைக்கு ஒரு முகமூடியைத்தான் ஆற்றிக்கொள்ள முடியும். ஹார்னெட் நூலைச் சுற்றி ஒரே மூச்சில் மூன்றை மீட்கிறாள். அந்தரத்தில் பறந்தபடியே மீட்கிறாள். ஓட்டமும் தாவலும் அவளுக்கு மிக வேகம். மெல்போர்னில் உள்ள ஆக்மி அருங்காட்சியகக் கண்காட்சியையொட்டிப் பேசியபோது, டீம் செர்ரியின் ஆரி கிப்சனும் வில்லியம் பெலனும் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: ஹார்னெட் இயல்பிலேயே வேகமும் திறமையும் மிக்கவள், ஆகவே சாதாரண எதிரியும் அதற்கு ஈடுகொடுப்பவனாக இருக்க வேண்டியிருந்தது, தடுமாறுகிறவர் வேறு பக்கம் போகலாம் என்ற சுதந்திரத்தையும் கொடுத்திருக்கிறோம். சண்டையைப் பொறுத்தவரை இந்த விளக்கத்தை முழுதாக ஏற்கிறேன். எதிரிகளின் அசைவுகள் படிக்கத் தக்கவை. ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன் ஓர் அறிகுறி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை இருக்கிறது. பத்தாவது முறை தோற்கும்போது எங்கே தவறினோம் என்பது நமக்கே தெரிகிறது. அந்தச் சண்டைகளை மென்மையாக்கச் சொன்னவர்கள் அந்த கேமின் ஆகச் சிறந்த பகுதியைக் கெடுக்கச் சொன்னார்கள். ஆனால் இந்த விளக்கம் ஆறாவது முகமூடிக் கணக்குக்குப் பதில் சொல்வதில்லை. திரும்ப நடக்கும் நடைக்கும் பதில் சொல்வதில்லை. நாயகியின் வேகத்துக்கும், தோற்றவரின் நேரத்தைச் செலவழிக்கவைப்பதற்கும் தொடர்பு கிடையாது.

இந்தப் பிரிவினை நான் வலிந்து செய்வதல்ல என்பதற்குச் சாட்சி, படைத்தவர்களே செய்த முதல் திருத்தம். வெளியான சில நாளில் அறிவிக்கப்பட்ட திருத்தத்தில் மூர்விங், சிஸ்டர் ஸ்பிளின்டர் என்ற இரண்டு ஆரம்பகால எதிரிகளைச் சற்றே தணித்தார்கள். மற்றவை எவை? விரைவாக இடம் மாறும் மணிப் பயணத்துக்கும் இளைப்பாறும் மணி இருக்கைக்கும் கேமின் நடுப்பகுதியில் வசூலித்த கட்டணத்தைக் குறைத்தார்கள். பழம்பொருள்களைக் கொடுத்தால் கிடைக்கும் ஜெபமாலை மணிகளைக் கூட்டினார்கள். அந்த ஜெபமாலை மணிகள்தான் கேம் நடக்கும் ஃபார்லூம் நாட்டில் நாணயம். ஆக, தொட்டதில் கணிசமான பங்கு சந்தை விலை, கட்டணம், வரவு. சண்டையின் இலக்கணம் அப்படியே நின்றது. மாற்ற வேண்டியது எது, விட்டுவைக்க வேண்டியது எது என்று அவர்கள் சரியாகவே கணித்தார்கள். அந்தத் தெளிவு முதல் வார விமர்சனங்கள் பலவற்றில் இல்லை.

இன்னோர் எதிர்வாதமும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. ஃபார்லூம் யாத்ரீகர்களின் நாடு. மேலே இருக்கும் புனித நகரை நோக்கி எளிய பூச்சிகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஏறும் வழியில் செத்தும் விழுகின்றன. உட்கார்ந்து இளைப்பாறும், தோற்றால் மீண்டும் எழும் இடமான பெஞ்சுக்குக்கூடச் சில இடங்களில் மணி எண்ணிக் கொடுக்க வேண்டும். பக்தியைப் பிழிந்து பணமாக்கும் ஓர் அமைப்பை இதைவிடச் சுருக்கமாக எந்த வசனமும் காட்டிவிட முடியாது. நம் விரலே அந்தச் சுரண்டலை உணர்கிறது. ஆகவே அந்த அலுப்பும் கட்டணமும் நடையும்தான் கதை, அவற்றை நீக்கச் சொல்வது கதையை நீக்கச் சொல்வது என்கிறார்கள். பாதி உண்மை. ஹன்டர்ஸ் மார்ச் பகுதியில் ஒரு பெஞ்சில் பொறி வைத்திருக்கிறார்கள். நம்பி உட்கார்ந்தவர் அடி வாங்குகிறார். ஆனால் அந்தப் பொறியை ஒருமுறை கண்டுபிடித்துச் செயலிழக்கச் செய்துவிட்டால் பிறகு அது நிம்மதியான இருக்கை. கொடுமை ஒருமுறை நடக்கிறது, அர்த்தம் பதிகிறது, பிறகு வழி விடுகிறது. துன்பத்தைக் கலையாக்கும் முறை இதுதான்.

பைல்வாட்டர் சதுப்பில் அந்த அளவு தவறிப்போகிறது. அங்கே தண்ணீரில் விழுந்தால் உடம்பில் புழுக்கள் ஒட்டிக்கொண்டு காயத்தை ஆற்றவிடாது. மறைவான சுவரை உடைத்தால்தான் தெரியும் ஓர் இடத்தில் பெஞ்சை ஒளித்துவைத்திருக்கிறார்கள். அதைக் காணாதவர் குரோல் என்ற எதிரியிடம் தோற்கும்போதெல்லாம் அந்தச் சேற்றுப் பாதை முழுவதையும் மறுபடி கடக்க வேண்டும். முதல் முறை கடக்கும்போது அருவருப்பும் அச்சமும் கூடி அந்த இடத்தின் இருள் நெஞ்சுக்குள் இறங்குகிறது. அது பெரிய சாதனை. பதினைந்தாம் முறை கடக்கும்போது இருளும் இல்லை, அச்சமும் இல்லை, எந்த நொடியில் எந்தப் பொத்தான் என்ற மனப்பாடம்தான் மிஞ்சுகிறது. திரும்பத் திரும்ப நடக்கவைத்ததால் கதை ஆழமாகவில்லை. தானே உருவாக்கிய அச்சத்தைக் கேம் தானே தேய்த்துவிட்டது.

அப்படியானால் எளிய நிலை ஒன்றைச் சேர்த்துவிட்டால் போயிற்றே என்பார்கள் சிலர். 2018-இல் வந்த ‘செலஸ்ட்’டில் உதவி முறை உண்டு, ‘ஹேடீஸ்’ கேமிலும் தோற்கத் தோற்கத் தாங்கும் வலு கூடும் முறை உண்டு. இரண்டுமே மதிப்புக் குறையாத படைப்புகள். உடல் ஒத்துழைக்காதவர்கள், விரல் வேகம் குறைந்தவர்கள், வேலைக்கு நடுவே கொஞ்ச நேரம் மட்டுமே உள்ளவர்கள் இவர்களை எண்ணிப் பார்த்தால் அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ‘சில்க்சாங்’குக்கும் இரட்டை அடியை ஒற்றையாக்கும் மாற்றங்களை விளையாடுபவர்களே சில நாளில் செய்துகொண்டார்கள், அப்படி விளையாடியவர்களை ஏளனம் செய்வதை நான் வெறுக்கிறேன். ஆனாலும் ஒரு விமர்சகர் எளிய நிலை வேண்டும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் தன் வேலையைப் பாதியில் விட்டவராகிறார். எல்லாவற்றையும் சேர்த்துக் குறைக்கும் ஒரு பொத்தான், எது நன்றாகக் கட்டப்பட்டது, எது மோசமாகக் கட்டப்பட்டது என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுகிறது. விலகிக்கொள் என்று அதட்டும் மறுகட்சியும் அதே கேள்வியைத்தான் தவிர்க்கிறது.

சீனாவில் நடந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எளிமைப்படுத்தப்பட்ட சீன மொழியில் விளையாடியவர்களின் மதிப்பீடு ஸ்டீமில் மற்ற மொழியினருடையதைவிட மிகவும் கீழே போனது. பழங்கால நடையை வலிந்து போட்ட மொழிபெயர்ப்பு முதல் கேமின் சுவையைக் கெடுத்துவிட்டது என்பது அவர்கள் முறையீடு. டீம் செர்ரி குறையை ஒப்புக்கொண்டு திருத்துவதாக அறிவித்தது. சீனர்கள் தங்கள் மொழியில் எழுதிச் சேர்த்த விமர்சனம் குறிப்பான குறையைக் குறிப்பாகச் சொன்னது, அதனால் பலித்தது. ‘சில்க்சாங்’ தமிழில் வரவில்லை. தமிழ் முகத்தோடு வந்து 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதைப் பெற்ற ‘வெண்பா’வைப் பற்றிக்கூட நம் இதழ்களில் விரிவான விமர்சனங்கள் அரிது. சினிமாவுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பக்கம் ஒதுக்கும் பத்திரிகைகள் வீடியோ கேமுக்கும் ஒதுக்க வேண்டும்.

‘சில்க்சாங்’குக்கு ஒரு விரிவாக்கத்தை 2026-க்கு அறிவித்திருக்கிறார்கள், இலவசமாக. அது வரும்போது மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் இதை விளையாடுகிற இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. தமிழில் எழுதுங்கள். கடினம், எளிது என்ற இரண்டு சொற்களோடு நிறுத்தாமல், எந்த எதிரி உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, எந்தப் பாதை உங்கள் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது என்று இடம் குறித்து எழுதுங்கள். பாதியில் விட்டவர்களும் எந்த பெஞ்சில் எழுந்து போனீர்கள் என்று எழுதுங்கள். முடித்தவர்களின் விமர்சனத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல அது.