சுவர் காயட்டும்

"சுவரெல்லாம் ரெடி சார், நீங்க வந்து வரைஞ்சா போதும்" என்று போனில் சொன்னார் அந்தத் தம்பி. திருவான்மியூர் பக்கம், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. போய்ப் பார்த்தால் பூச்சின் ஈரமே போகவில்லை. அதன்மேல் வெள்ளை எமல்ஷனை ரோலரில் உருட்டி வைத்திருந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஃப்ளெக்ஸ் வந்து சினிமா பேனர் தொழிலை ஒழித்த பிறகு சுவருக்கு வந்தவன் நான். கட்டம் போடுவது, நூல் அடிப்பது, சாரத்தில் நின்றுகொண்டு கீழே நிற்பவர் கண்ணுக்குத் தக்கபடி முகத்தை நீட்டுவது எல்லாம் கை பழகினால் வந்துவிடும். சுவரின் குணம் பிடிபடுவதுதான் கஷ்டம்.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஓவியர் இல்லை, ஒரு சுண்ணாம்பு மேஸ்திரி. விடியற்காலையில் ஒருமுறை, வெயில் இறங்கிய பின் ஒருமுறை உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ராத்திரி முழுக்க விடுவார். காலையில் தாளுக்குள் வியர்த்திருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. யார் வந்து கத்தினாலும் கிடையாது. உப்பு பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவ விடமாட்டார். கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போகும், காய்ந்ததும் திரும்ப வெளியே வரும். காய்ந்த பிரஷால் தேய்க்க வேண்டும், பூப்பது நிற்கும்வரை தேய்க்க வேண்டும். ஓதம் ஏறுகிற காம்பவுண்டு சுவரின் கீழ் மூன்றடியில் எனாமல் அடிப்பவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஈரத்துக்கு வெளியேற வழி அடைத்தால் பெயிண்ட் கொப்புளித்துத்தான் உரியும்.

நிறமும் அப்படித்தான். புதுப் பூச்சின் காரம் பிரஷ்யன் நீலத்தைத் தின்றுவிடும், குரோம் மஞ்சளைக் கெடுத்துவிடும். காவியும் மண் மஞ்சளும் அசையாது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் சோழர் ஓவியம் வெளிப்பட்டதே, அது சுண்ணாம்புப் பூச்சின் ஈரத்திலேயே தீட்டியது. சுண்ணாம்பு இறுகும்போது நிறத்தையும் பிடித்துக்கொள்ளும். சிமெண்ட் ஈரத்தில் எமல்ஷன் அடிப்பவர்கள் அதை உதாரணம் காட்டிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

புரொஜெக்டர் வைத்துக் கோடு எடுப்பதிலும் ஸ்பிரே அடிப்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. கண்ணகி நகரில் 2020இல் குடியிருப்புச் சுவர்களில் வந்த படங்களைப் பார்க்கவே பஸ் ஏறிப் போனேன். அவ்வளவு பெரிய சுவரில் ஸ்பிரேயை வைத்து ஒரு முகத்தின் தோல் நிறத்தைக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கை இருக்கிறது. காய விடத்தான் அவகாசம் தருவதில்லை. திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சுவரைத் தேடுகிறார்கள். டெண்டரில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரி. சுரண்டுவதற்கும் தேய்ப்பதற்கும் காத்திருப்பதற்கும் ஒரு பைசா கிடையாது. ட்ரோனில் போட்டோ எடுத்ததோடு வேலை முடிந்தது. ஐப்பசி மழையில் மூக்கு உரிந்தால் பழி ஓவியன் தலையில்.

சித்திரையில் பூச்சை முடிக்கட்டும். குறைந்தது ஒரு மாதம் சும்மா விடட்டும். மேஸ்திரிக்குத் தனிக் கூலி எழுதட்டும். அப்படி ஒரு டெண்டரை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.