ஒரகடம்: ஆலைகள் உண்டு, அணி எங்கே?

ஞாயிறு காலை ஆறரை மணி. ஒரகடம் கூட்டுரோடு மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடையில் இரண்டு விதமான ஆட்கள் நிற்கிறார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து, கண் சிவக்கக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஒரு விதம். குளித்து, விபூதி இட்டு, தோளில் கிட் பையோடு மேட்சுக்குக் கிளம்பியவர்கள் இன்னொரு விதம். ஒரு பையன் இரண்டிலும் சேர்த்தி. கழுத்தில் ஐடி கார்டைக் கழற்றவில்லை, கையில் பேட் வந்துவிட்டது. டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காத்திருந்த பைக்கில் மூன்றாவது ஆளாக ஏறிப் போகிறான். அந்தப் பக்கம்தான் நானும் போக வேண்டும்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள் கோயில் சாலையும் வெட்டிக்கொள்கிற இந்த இடத்தைச் சுற்றி, 2010-ல் ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலை வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. கூடவே அப்பல்லோ டயர்ஸ், கோமாட்சு. வடக்கே போனால் வல்லம் வடகாலில் யமஹா, சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். இவ்வளவு ஆலைகள் இருக்கிற இடத்தில் ஆலை அணிகளும் இருக்க வேண்டுமே, எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்கத்தான் வந்தேன்.

அரசுத் தொழிற்பூங்காவான சிப்காட்டின் உள்சாலையில் நீண்ட மதில்களை ஒட்டியே நடந்தால், மதில் இல்லாத ஒரு மனை வருகிறது. யாருக்கோ ஒதுக்கியாகிவிட்டது, கட்டடம் இன்னும் எழும்பவில்லை. ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். நடுவில் மட்டும் செதுக்கிச் சமப்படுத்தி, செம்மண்ணில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கிரீஸ் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் மின்கம்பம்தான் பவுண்டரி. இன்னொரு பக்கம் மழைநீர் வாய்க்கால். நேராகப் போய் விழுந்தால் சிக்ஸ், உருண்டு போனால் ஃபோர். பந்து முள்ளுக்குள் போனால் ‘ரெண்டு டிக்ளேர்’, அதற்கு மேல் ஓட முடியாது. எல்பிடபிள்யூ கிடையாது. எட்டு ஓவர் மேட்ச், ஒரு பௌலருக்கு இரண்டு ஓவர். அம்பயர் பேட்டிங் டீம் ஆள் என்பதால் ஒவ்வொரு வைடுக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது.

பேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பின்பக்கம் குடைந்து எடுத்த டென்னிஸ் பேட், எடையே தெரியவில்லை. பந்து ஹார்ட் டென்னிஸ். பத்து மேட்சுக்கான ஸ்கோர் ஒரே ரூல் போட்ட நோட்டில் ஏறியிருக்கிறது. பெயர்களைத் தமிழில் எழுதிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் ‘ஒடிசா கீப்பர்’ என்று மட்டும் போட்டிருக்கிறார். அந்தக் கீப்பர் “தோ ஹை, தோ ஹை” என்று கத்த, எதிர் முனையில் இருக்கிறவர் “ரெண்டு இருக்கு, ஓடு” என்று அதையே தமிழில் சொல்லிக்கொண்டு ஓடுகிறார். குழப்பமில்லாமல் ரன் வருகிறது.

அவுட்டாகி வந்து நிழலில் உட்கார்ந்த கேப்டனிடம் பேச்சுக் கொடுத்தேன். திருவண்ணாமலைப் பக்கம், மெக்கானிக்கல் டிப்ளமோ.

“தம்பி, இது எந்தக் கம்பெனி டீம்?”

“கம்பெனி டீம்லாம் இல்லண்ணா. பதினோரு பேருக்கு ஏழு கம்பெனி இருக்கு எங்க டீம்ல.”

“அப்ப ஜெர்சியில போட்டிருக்கிற பேரு?”

“அது நாங்க ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஊரு. கம்பெனி பேரப் போட்டா வருஷா வருஷம் ஜெர்சிய மாத்தணும். ட்ரெய்னியா எடுப்பாங்க, டைம் முடிஞ்சா அடுத்த கேட்டு. ரூம் மட்டும்தான் மாறல.”

முதுகில் எண்ணுக்கு மேலே ஊர்ப் பெயர், மார்பில் ஒரு மெஸ்ஸின் பெயர். மாதம் முழுவதும் அங்கே கணக்கில் சாப்பிடுகிறவர்கள் என்பதால் ஜெர்சிச் செலவை மெஸ்காரர் ஏற்றுக்கொண்டாராம். ஒரகடத்தில் ஒரு தொழிலாளியை இன்னொரு தொழிலாளியோடு ஓராண்டுக்கு மேல் சேர்த்து வைத்திருப்பது ஆலை அல்ல, அறையும் சாப்பாட்டுக் கடையும்தான். அணியும் அங்கேதான் பிறக்கிறது.

சென்னையில் ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குச் சொந்தமாகக் குவார்ட்டர்ஸ் உண்டு, பள்ளி உண்டு, ஸ்டேடியமும் உண்டு. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வங்கிகள் என்று நகரத்தின் கால்பந்து, கைப்பந்து, ஹாக்கி அணிகளில் பலவும் சம்பளப் பட்டியலிலிருந்து வந்தவைதான். ராஜா ஆஃப் பாளையம்பட்டி ஷீல்டுக்காக ஆடுகிற சென்னை முதல் டிவிஷன் கிரிக்கெட் லீக்கிலும் அப்படித்தான். ஜாலி ரோவர்ஸ் என்றால் பின்னால் சன்மார், விஜய் சி.சி. என்றால் இந்தியா சிமென்ட்ஸ். ஸ்டேட் பேங்க், ரிசர்வ் பேங்க், ஏ.ஜி. ஆபீஸ் எல்லாம் தங்கள் பெயரிலேயே இறங்கின. மும்பையில் அலுவலகங்களுக்கென்றே டைம்ஸ் ஷீல்டு உண்டு. கவாஸ்கரே நிர்லான் கம்பெனிக்கு ஆடியவர். ஆட்டக்காரன் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் நெட்டுக்குப் போவான். முப்பது வயதில் கால் போனாலும் ஐம்பத்தெட்டு வரை வேலை போகாது. அந்த உத்தரவாதம்தான் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பத் தாய் தகப்பனுக்குத் தைரியம் கொடுத்தது.

டென்னிஸ் பாலுக்கும் இந்த லீக்குக்கும் நடுவே ஒரு கதவு உண்டு என்று காட்டியவர் டி. நடராஜன். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பாலில் ஆடிக்கொண்டிருந்தவர் 2010–11-ல் சென்னை நான்காம் டிவிஷனில் இறங்கியது பி.எஸ்.என்.எல். அணிக்காக. அங்கிருந்து விஜய் சி.சி., பிறகு ஜாலி ரோவர்ஸ். 2020–21-ல் ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். யார்க்கர் அவர் கையில் இருந்தது. அதை லெதர் பாலில் போட்டுக் காட்ட முதல் மேடை கொடுத்தது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் அணி. நான் பார்த்த மனையிலும் ஒரு இடக்கை ஆள் யார்க்கர் போடுகிறார். அவரைக் கூப்பிட இங்கே எந்த நிறுவனத்தின் அணியும் இல்லை.

ஆலையும் அணியும் சேர்ந்து வளர்ந்த கதையை ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போக வேண்டும். அங்கே கிரிக்கெட்டின் இடத்தில் பேஸ்பால். தென் கரோலினாவில் பஞ்சாலைக்கு ஓர் ஊர், ஊருக்கு ஓர் அணி. கிரீன்வில் நகரத்தின் பிராண்டன் மில்லில் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாமலேயே வளர்ந்த ஜோ ஜாக்சன், பதின்மூன்று வயதில் ஆலை அணியில் பெரியவர்களோடு ஆடினார். பின்னாளில் நாட்டின் மிகச் சிறந்த பேட்டர்களில் ஒருவரானார். 1919 உலகத் தொடர் சூதாட்ட விவகாரத்தில் சிக்கி வாழ்நாள் தடையும் வாங்கினார். அலபாமாவின் பர்மிங்காம் இரும்பு நகரம். அங்கே இரும்புக் குழாய் வார்க்கும் அசிப்கோ ஆலையின் கறுப்பினத் தொழிலாளர் அணி, பிளாக் பேரன்ஸ் என்ற தொழில்முறை அணிக்கே ஆள் அனுப்பியது. எஃகு ஆலைத் தொழிலாளியான ஒருவர் ஆலை அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் வில்லி மேஸ் 1948-ல், பள்ளி முடிக்கும் முன்பே பிளாக் பேரன்ஸுக்கு ஆடினார். பேஸ்பால் கண்ட மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர். 1910-ல் ஓர் இரும்பாலை முதலாளி கட்டிய ரிக்வுட் மைதானம் இன்றும் அங்கே நிற்கிறது. மேஸுக்கு மரியாதை செய்யும் விதமாக 2024 ஜூன் 20-ல் அங்கே பெரிய லீக் ஆட்டம் வைத்தார்கள். இரண்டு நாள் முன்னதாக, ஜூன் 18-ல், அவர் இறந்துபோனார்.

இதில் முதலாளிகளின் கணக்கும் உண்டு. நல்ல ஆட்டக்காரனுக்கு ஆலையில் லேசான வேலை, ஊருக்குச் சனிக்கிழமை பொழுதுபோக்கு, தொழிலாளிக்குக் கம்பெனிமேல் பாசம். பாசம் வந்தால் சங்கம் வராது என்று நம்பினார்கள். வெள்ளையருக்கு ஓர் அணி, கறுப்பருக்கு ஓர் அணி என்று பிரிவினையும் அதே ஆலைக்குள் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார் வந்தது, டிவி வந்தது, ஆலைகள் தங்கள் ஊர் வீடுகளை விற்றன, கடைசியில் ஆலைகளே மூடின. அணிகளும் போயின.

வெயில் ஏறிவிட்டது. அடுத்த மேட்சுக்கு நேரமிருப்பதால் வல்லம் வடகால் பக்கம் ஷேர் ஆட்டோவில் போனேன். வழியில் ஒவ்வொரு கேட்டிலும் ஒவ்வொரு பெயர்ப் பலகை. இந்தப் பெயர்களுக்குச் சொந்த நாட்டில் அணி இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. சாம்சங் லயன்ஸ் தென்கொரிய பேஸ்பால் லீக் தொடங்கிய 1982 முதல் ஆடிவருகிறது. ஹூண்டாய் குழுமத்தின் கியாவுக்குக் கியா டைகர்ஸ். ஹூண்டாய்க்கே ஜியோன்புக் என்ற கால்பந்து அணி. யமஹா மோட்டாரின் தொழிற்சாலை அணியாகத் தொடங்கியதுதான் இன்றைய ஜூபிலோ இவாட்டா கால்பந்து அணி. ஜப்பானில் கம்பெனி அணிகளுக்கென்றே 1927 முதல் நகரங்களுக்கிடையேயான பேஸ்பால் போட்டி நடக்கிறது. அமெரிக்காவைக் கலக்கிய ஹிடேயோ நோமோ, நிப்பான் ஸ்டீல் சக்காய் ஆலை அணியிலிருந்து வந்தவர். நிசானும் அந்தப் போட்டியில் 1984-லும் 1998-லும் கோப்பை வென்றது. உலகப் பொருளாதார நெருக்கடியில் 2009-ஆம் ஆண்டோடு அணியை நிறுத்தியது. 2025-ல் மீண்டும் தொடங்கியது. அதே 2025-ல்தான் ஒரகடம் ஆலையில் இருந்த தன் பங்கை நிசான் ரெனால்டுக்கு விற்றது. ஆலை அணியின் ஆயுள் ஆலையின் லாபக் கணக்கில்தான் எழுதப்படுகிறது, ஜப்பானிலும் அப்படித்தான்.

வல்லம் வடகாலில் இறங்கியதும் எதிரே வரிசையாகப் பத்து மாடிக் கட்டடங்கள். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய விடுதி. 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்து வைத்தார். அதற்கு ஒரு முன்கதை உண்டு. 2021 டிசம்பரில் தனியார் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக, பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று கேட்டது சோறும் படுக்கையும். வெளியே பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்களிடம் விளையாட்டைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் விழுப்புரத்தில் பள்ளிக் கோ-கோ அணியில் இருந்தவராம். “இப்ப எங்க சார் ஆடறது? வேலையிலயே எட்டு மணி நேரம் நிக்கறோம்” என்று சிரித்தார். கூட இருந்தவர், “இடம் இருந்தா ஆடுவா சார், நல்லா ஓடுவா” என்றார். ஆண்கள் முள்ளுக்காட்டைச் செதுக்கிக்கொள்கிறார்கள்; பெண்களுக்கு அந்த வழியும் இல்லை.

பழைய மாதிரி கம்பெனி அணி வந்தால் சரியாகிவிடுமா? எனக்கு அதில் தயக்கம் உண்டு, ஏனென்றால் இது சங்கம் வளர்ந்த மண். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடமிருந்துதான் எழுந்தது. சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது இந்த வட்டாரத்தில்தான். ஜெர்சி கொடுத்து வாயை அடைக்கிற வித்தை பர்மிங்காமில் எடுபட்டிருக்கலாம். இங்கே அது வேண்டாம். ஏழு கம்பெனி ஆட்களை ஒரே அணியில் வைத்து, ஒடிசாக்காரரைக் கீப்பராக நிறுத்தி, மெஸ்காரர் தயவில் ஜெர்சி போட்டு ஆடுகிற இந்த அணிக்கு எந்த ஹெச்.ஆரின் அனுமதியும் தேவைப்படவில்லை. அந்தச் சுதந்திரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் சுதந்திரத்துக்கு நிற்க ஓர் இடம் வேண்டும். மாலை மேட்சுக்குத் திரும்பி வந்தபோது, பவுண்டரி பக்கம் ஊன்றியிருந்த சர்வே கற்களைக் கேப்டன் காட்டினார். “காம்பவுண்டு போட ஆரம்பிச்சா அடுத்த எடம் பாக்கணும்ணா. இதுக்கு முன்னாடி ஆடின எடத்துல இப்ப குடோன் இருக்கு.” வேலையைப் போலவே மைதானமும் தற்காலிகம். ஐ.சி.எஃப். தொழிலாளியிடம் நிலையான வேலை இருந்தது, நிலையான மைதானமும் இருந்தது. இவர்களிடம் இரண்டும் இல்லை. வேலையை நிரந்தரமாக்குவது பெரிய போராட்டம். அது சட்டசபையிலும் தொழிற்சங்கத்திலும் நடக்கட்டும். மைதானத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நிலம் சிப்காட்டினுடையது. மனை பிரிப்பதும் அதுவே, சாலை போடுவதும் அதுவே. விடுதி கட்ட முடிந்த அதற்கு, ஒவ்வொரு தொழிற்பூங்காவுக்கும் ஒரு பொது மைதானம் பெரிய காரியமில்லை. எந்தக் கம்பெனியின் மதிலுக்குள்ளும் போகாத, ஐடி கார்டு கேட்காத, ராத்திரி ஷிஃப்ட் முடித்தவனும் வந்து ஆட விளக்குப் போட்ட, பெண்களுக்கு நேரம் ஒதுக்கிய மைதானம். அடுத்த தொழிற்பூங்காவுக்கு வரைபடம் போடும்போது சப்-ஸ்டேஷனுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடம் குறிக்கிற அன்றைக்கே இதையும் குறித்துவிட வேண்டும். மனைகள் விற்றுத் தீர்ந்த பிறகு கேட்டால் யாரும் கொடுக்கப் போவதில்லை.