உடன் நிற்பவர்களுக்கு யார் உடன் நிற்பது?

குன்னம் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர், அரியலூர் என இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. அதன் செந்துறைப் பகுதியில் 2017 ஜனவரியில், காணாமல் போயிருந்த ஒரு தலித் சிறுமியின் உடல் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று குழுமூர் அனிதாவை இழந்தோம். பிளஸ் 2 தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் மருத்துவ இடம் மறுக்கப்பட்ட பிள்ளை அவர்.

இப்படிப்பட்ட சாவுகள் நடக்கும்போது தலைவர்கள் வருகிறார்கள், கேமராக்கள் வருகின்றன. சில நாளில் எல்லோரும் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகும் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளூர்த் தோழர்கள்தான். புகார் எழுதுவது, பிணவறை வாசலில் காத்திருப்பது, முதல் தகவல் அறிக்கையில் சட்டப்பிரிவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, சமரசத்துக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்வது, வாய்தாவுக்கு வாய்தா கூடப்போவது எல்லாம் இவர்கள் வேலை. பலருக்கு இதற்குச் சம்பளம் கிடையாது. மக்காச்சோளம் ஒடிக்கவும் பருத்தி எடுக்கவும் போகிற கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள்.

நாங்களும் இவர்களில் சிலர்தான். பெண் பிள்ளையின் உடற்கூறாய்வு அறிக்கையை அவள் அப்பாவுக்கு வரிவரியாகப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. நள்ளிரவில் போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும். கொஞ்ச காலம் போனால் வேறு மாதிரி ஆகும்: யார் அழுதாலும் மனசு மரத்துக் கிடக்கும். எங்களில் ஒரு அக்கா சொல்வார், “கண்ணீர் வத்திப் போச்சுடா தம்பி, அதுதான் பயமா இருக்கு.”

அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி 1995-இல் இதைப் பற்றி ஒரு நூலே தொகுத்தார். பிறர் துயரைச் சுமப்பவருக்கும் காயம் உண்டாகிறது என்பதே அதன் சாரம். தொழில்முறையில் உதவுபவர்களுக்கு, வேலை முடிந்ததும் அதிலிருந்து தள்ளி நில்லுங்கள் என்று அறிவுரை சொல்வதுண்டு. நாங்கள் எங்கே தள்ளி நிற்பது? அந்தக் கிணறு எங்கள் ஊர் வழியில் இருக்கிறது. அந்தச் சிறுமியின் வயதில் எங்கள் வீட்டிலும் பிள்ளை இருக்கிறது. மிரட்டியவனை மறுநாள் டீக்கடையில் பார்க்கிறோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறுவதை உரிமை என்கிறது. போராடிப் பெற்ற திருத்தம் அது. ஆனால் அந்த உதவியைச் செய்பவரின் மனநலத்துக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

நம் இயக்கங்களிலும் இல்லை. தூங்காமல் உழைப்பதைத் தியாகம் என்று மேடையில் பாராட்டுகிறோம். பாபாசாகேப் நீரிழிவு நோயோடு எழுதினார் என்று பெருமைப்படுகிறோம். 65 வயதிலேயே அவரை இழந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இதை யோகா வகுப்பால் தீர்க்க முடியாது. வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் வழி. பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் பார்க்க எவரும் தனியாகப் போகக் கூடாது. பாலியல் வன்கொடுமை வழக்குகளை எல்லாம் ஒரே பெண் தோழர் தலையில் கட்டக் கூடாது. சடலப் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடக் கூடாது. உண்மை அறியும் குழு அறிக்கை எழுத உட்காரும் முன், போய்வந்தவர்கள் ஒரு மணி நேரமாவது மனம்விட்டுப் பேச வேண்டும். நன்கொடை திரட்டும்போது துண்டறிக்கைச் செலவோடு தோழரின் கூலி இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும். தூக்கம் போனவர் 104-க்கோ 14416-க்கோ அழைத்துப் பேசுவதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது.

அரசுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் நிவாரணத் தொகையைப் பேசுகிறீர்கள். பாதிக்கப்பட்டோருக்கும் உடன் நிற்பவர்களுக்கும் மனநல ஆலோசனை தருவதை அந்த நிகழ்ச்சி நிரலில் எப்போது சேர்ப்பீர்கள்?

குற்றப்பத்திரிகைக்குச் சட்டம் 60 நாள் கெடு வைக்கிறது. வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. குற்றவாளியின் தரப்பு காத்திருப்பது நாம் களைத்துப் போவதற்காகத்தான். கூட நின்றவர் ஒடிந்து விலகினால் சாட்சியும் தனித்துப் போகிறார், பிறழ்கிறார், வழக்கு விடுதலையில் முடிகிறது. எனவே தோழர்களே, இந்த வாரம் உங்கள் குழுவில் யார் தூங்கவில்லை என்று கேளுங்கள். அவருடைய அடுத்த வாய்தாவுக்கு இன்னொருவர் போகட்டும்.